இஸ்பேட்டு ஜாக்கி

புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டே நதியா ஒப்பிக்கிறாள்: "டைமண்ட் ஒம்போது மோகனண்ணன் போட்டுச்சு. கிளாவர் பத்து நானு. அப்பறம் ஆஸு..." நேற்று ஆடி முடித்த ஆட்டம் அது. கேட்க ஆள் இல்லாவிட்டாலும் முப்பத்திரண்டு சீட்டும் விழுந்த வரிசையில் வாயில் வந்தாக வேண்டும். இல்லையென்றால் அவளுக்குச் சோறு இறங்காது.

வயது பதினேழு, பிளஸ் டூ படிக்கிறாள். ஜவ்வாது மலையில் அவள் ஊரில் சீட்டு என்றால் இருபத்தெட்டுதான். முப்பத்திரண்டு சீட்டில் மொத்தம் இருபத்தெட்டுப் புள்ளி, நாலு பேர் ஆட்டம். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. ராஜாவும் ராணியும் இதில் சும்மா. ஜாக்கிதான் பெரியவன், அவனுக்கு அடுத்தது ஒன்பது. காணும் பொங்கலன்று பள்ளிக்கூட மரத்தடியில் போட்டி நடக்கும். ஜெயித்தவர்கள் கோப்பையை ஒரு வருடம் வைத்துக்கொள்ளலாம்; மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்தால் அது சொந்தம். இரண்டு வருடம் நதியாவும் அவள் தோழி ரம்யாவும் ஜோடி சேர்ந்து எல்லோரையும் மண்ணைக் கவ்வ வைத்தார்கள். "பாவம் பாக்கறதுன்னா வூட்லயே குந்திக்கலாமே, இன்னாத்துக்கு ஆட வரணும்?" என்பாள் நதியா, தோற்ற பெரியவர்களின் முகத்துக்கு நேரே. கொஞ்சம் திமிர் பிடித்த பெண்தான்.

ரம்யாவுக்குப் பதினெட்டு முடிந்த மறுமாதமே ஒடுகத்தூரில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை அருண்ராஜ் ஆட்டோ ஓட்டுகிறவன்; சீட்டென்றால் உயிர். அதற்குப் பிறகு ரம்யா போனை எடுப்பதில்லை. எத்தனை தடவை போன் அடித்தாய் என்று கேட்டால் நதியா சரியாகச் சொல்லுவாள். அதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்தப் பொங்கலுக்கு ரம்யா வந்தாள், புருஷனுக்கு ஜோடியாக. நதியா தன் பெரியம்மா மகன் மோகனைச் சேர்த்துக்கொண்டாள். இறுதியில் இந்த இரண்டு ஜோடிதான் மிஞ்சியது. கடைசி ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டே சீட்டு பாக்கி, புள்ளி சரிக்குச் சரி. ரம்யா இஸ்பேட்டு ஒன்பதை இறக்கினாள்.

"ஜாக்கி இன்னும் வெளிய வர்லடி," என்று அருண்ராஜ் பல்லைக் கடித்தான். "எண்ணவே மாட்டியா? தோத்துட்டு வா, வூட்ல பேசிக்கிறேன்."

ரம்யா முந்தானையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதற்குள் நதியா பார்த்துவிட்டாள். மணிக்கட்டில் விரல் தடம் நீலமாகப் பதிந்திருந்தது. எழுந்து அருண்ராஜின் சட்டையைப் பிடிக்கலாம்தான். அதற்கும் சேர்த்து அடி வாங்கப்போவது ரம்யா.

நதியாவின் கையில் இஸ்பேட்டு ஜாக்கியும் ஏழும் இருந்தன. ஏழைப் போட்டாள்.

அடுத்த சுற்றில் ரம்யா எந்தச் சீட்டையும் வெட்டும் துருப்பை இறக்க, ஜாக்கி ஒன்றுக்கும் உதவாமல் வந்து விழுந்தது. மோகன் தலையில் அடித்துக்கொண்டான். "இத்த கைல வச்சிக்கினா ஏழு போட்ட?"

"கவனிக்கலண்ணா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். போன வருடம் அவளிடம் தோற்ற ஒருவர் விசில்கூட அடித்தார். அருண்ராஜ் தொடையைத் தட்டிக்கொண்டு கோப்பையை வாங்கப் போனான்.

ரம்யா எழுந்திருக்கவில்லை. கீழே கிடந்த ஜாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நதியா கையை நீட்டி அதைக் கவிழ்த்து வைத்தாள்.