நுரை மாமா நடத்திய கசப்புப் பாடம்

என் பெரிய அக்காவின் கணவரைப் போல ஒரு வெத்துவேட்டை நான் பார்த்ததில்லை. குளியலறை ஓடு விற்கும் கடையில் மேலாளர். கடைக்காரர்கள் அவரை ஒருமுறை பயிற்சிக்கென்று வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். ஓடு பற்றி அங்கே என்ன படித்தாரோ தெரியாது. பீரைப் பற்றிக் கரைத்துக் குடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்து இறங்கினார். அன்றிலிருந்து வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அது நுரையில் போய்த்தான் நிற்கும். நுரை எவ்வளவு உயரம் எழும்ப வேண்டும், கிளாஸை எப்படிச் சாய்க்க வேண்டும், எந்த வாக்கில் மூக்கை நுழைக்க வேண்டும். பிள்ளைகள் 'நுரை மாமா' என்று கேலி பேச ஆரம்பித்தார்கள். அதையும் யாரோ கொடுத்த பட்டம் போல ஏற்றுக்கொண்டு பூரித்துப்போனார் மனிதர்.

வரவேற்பறையில் ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு கண்ணாடி அலமாரி வைத்திருந்தார். அந்த வீட்டிலேயே நல்ல வெயில் விழும் இடம் அதுதான். அக்கா அங்கே துணி காயப்போடக் கேட்டும் கிடைக்கவில்லை. அலமாரி நிறைய ஏல் என்கிற பீர் வகைப் பாட்டில்கள். பீரில் கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் என்று ஒரு பூவைப் போடுவார்கள். அந்தப் பூவை அள்ளிப் போட்டுச் செய்த ஏல் வகைகள்தான் அவருடைய சேகரிப்பு. பார்க்கலாம், தொடக்கூடாது.

சின்ன அக்காவின் கணவர் வேறு மாதிரி. லிஃப்ட் பழுதுபார்ப்பவர், வாய் அதிகம் திறக்காதவர். கல்யாணமாகிப் பல வருஷம் வரை மதுவைத் தொட்டதில்லை. கூட வேலை பார்த்தவரின் பிரிவு விருந்தில் யாரோ கசப்புக் குறைந்த லாகர் பீர் ஒன்றை நீட்ட, குடித்துப் பார்த்தார், பிடித்துப்போனது. அதோடு விட்டிருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் பெரிய அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாய் தவறி அதைச் சொல்லித் தொலைத்தார்.

நுரை மாமா கையைக்கூடக் கழுவவில்லை. "லாகரா? அது கலர் தண்ணி, சகலை. இன்னையிலேர்ந்து உங்களுக்கு நான்தான் வாத்தியார்" என்று எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். இருப்பதிலேயே கசப்பான பாட்டிலாகப் பார்த்து எடுத்தார். வருஷக்கணக்காக அங்கேயே நின்ற பாட்டில், லேபிள் வெளுத்துப்போயிருந்தது. "வைக்க வைக்கத்தான் இதுக்கு மவுசு" என்று அதையும் பெருமையாகக் காட்டினார்.

முதல் முறை சைக்கிள் ஏறுகிறவனை மலைப்பாதையில் தள்ளிவிடுகிற புத்தி அது. பாவம், அந்த மனிதர் மரியாதைக்காக ஒரு பெரிய வாயாகக் குடித்தார். முகம் கோணியது, கண்ணில் நீர் கட்டியது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் குளியலறைக்கு ஓடினார்.

பின்னாலேயே போய்க் கதவருகே நின்று, பிள்ளைகள் காதில் விழும்படி நுரை மாமா சொன்னார்: "உங்களுக்கு நாக்கே இல்ல சகலை. லிஃப்டுக்குப் போடுற கிரீஸத்தான் உங்களுக்கு ஊத்திக் குடுக்கணும்."

சின்ன அக்கா கிளாஸை எடுத்து முகர்ந்தாள். "மாமா, இது கெட்டுப்போயிருக்கு. ஈரச் சாக்கு நாத்தம் அடிக்குது. வருஷக்கணக்கா வெயில்ல வச்சிருக்கீங்க. இதப் புதுசாத்தான் குடிக்கணும்."

"உனக்கென்னம்மா தெரியும்? இதுதான் அதோட ருசியே."

அவளுக்கு என்ன தெரியும் என்று கேட்க அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவள், ஷிஃப்ட் முடிந்ததும் தோழிகளோடு கசப்பு ஏல் குடிக்கிறவள் என்பது அவள் புருஷனுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுவாரம் சாயங்காலம் அவள் கணவரைத் தான் வழக்கமாகப் போகும் பாருக்கு அழைத்துப்போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். அவள் கணவர் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எனக்கு டீயே போதும்" என்றார்.

"ஏங்க, அந்த ஆள் குடுத்தது பீரே இல்ல. இதுல பாதி குடிங்க, பிடிக்கலன்னா நான் குடிச்சுக்கிறேன்."

முதலில் அவருக்குப் பழகிய லாகரை ஒட்டிய, கொஞ்சமே பூ போட்ட பொன்னிற ஏல். நடுநடுவே உப்புக் கடலை. அடுத்த முறை போனபோது ஆரஞ்சுத் தோல் மணக்கும் பேல் ஏல். "முதல் வாய வச்சு முடிவு பண்ணாதீங்க. மூணாவது வாய்லதான் கசப்பு அடங்கும்" என்பாள். வேறு உபதேசம் கிடையாது. வீட்டுக் கதை, ஆபீஸ் கதை பேசிக்கொண்டே குடிப்பார்கள். மழைக்காலம் முடிவதற்குள், பூ தூக்கலாகப் போட்ட ஐ.பி.ஏ. என்கிற கசப்பு ஏலை அவரே கேட்டு வாங்க ஆரம்பித்துவிட்டார். முதல் மிடறை விழுங்கிவிட்டு, "கடைசியில ஒரு கசப்பு நிக்குது பாரு, அது நல்லாருக்கு" என்று மனைவியிடம் அவர் சொன்னபோது அவள் முகத்தில் வந்த பூரிப்பைப் பார்க்க வேண்டும்!

நுரை மாமாவின் பிறந்தநாளுக்கு அந்த அப்பாவி, அந்த வாரமே பாட்டிலில் அடைத்த ஐ.பி.ஏ. இரண்டு வாங்கிக்கொண்டு போனார். மனதில் கள்ளம் எதுவும் இல்லை. "நீங்க ஆரம்பிச்சு வச்சது சகலை" என்று நீட்டினார்.

நுரை மாமா வழக்கம்போல் சாய்த்து ஊற்றி, மூக்கை நுழைத்து, குடித்தார். முகம் கோணியது. சமாளித்துக்கொண்டு, "பச்சையா இருக்கு. இன்னும் பக்குவம் வரல" என்று கிளாஸைக் கீழே வைத்தார்.

சமையலறை வாசலில் நின்ற பெரிய அக்கா சொன்னாள்: "எந்தக் கசப்பத்தான் நீங்க குடிச்சு முடிச்சீங்க? ரெண்டு வாய் குடிச்சிட்டு மிச்சத்த சிங்க்ல ஊத்தச் சொல்லுவீங்க. அப்புறம் ஃபிரிட்ஜத் தொறந்து இனிப்பு சோடா."

சின்ன அக்காவின் கணவர்தான், "பரவாயில்ல சகலை, லாகர் வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டார். நிஜமாகவே உதவத்தான் கேட்டார். அதைத்தான் நுரை மாமாவால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வெட்கப்பட்டுத் திருந்தினார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். இப்போது காப்பிக் கொட்டை பற்றிப் பேசுகிறார். வீட்டுக்கு வரும் குழாய் ரிப்பேர்காரர் வரை பிடித்து உட்காரவைத்து முகரச் சொல்கிறார். பெரிய அக்கா அந்தப் பிரசங்கத்துக்கு இருப்பதில்லை. சனிக்கிழமைகளில் தங்கையோடு பாருக்குப் போய்விடுகிறாள். முதல் நாள் பொன்னிற ஏலில் தொடங்கச் சொன்னாள் தங்கை.

"அதெல்லாம் வேணாம். இவரோட இத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன், எனக்கு நேரா கசப்பே குடு" என்றாள் பெரிய அக்கா. ஒரே மூச்சில் பாதி கிளாஸைக் காலி செய்துவிட்டுக் கடலைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.