கட்டியில் ஒரு துண்டு

ஆஸ்பத்திரி லேபில் நான் அட்டெண்டர். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் எந்த வேலையையும் தொடங்குவேன். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் டாக்டரம்மா ஹெச்-19 என்ற ஆர்.என்.ஏ.வைத் தேடிக்கொண்டிருந்தார். பல ஆர்.என்.ஏ.க்கள் புரதம் செய்யச் செய்தி கொண்டுபோகும். இது புரதம் செய்யாது. ஆனாலும் வேறு ஜீன்களை அடக்கி வைக்கிறதோ என்று சந்தேகம். குழந்தைகளின் கிட்னிக் கட்டியில் இது காணாமல் போகிறதா என்பதுதான் கேள்வி.

சிங்காநல்லூர் மில் தொழிலாளி ஒருவரின் சின்ன மகளுக்கு அப்படியொரு கட்டி. அந்தக் கிட்னியோடு சேர்த்து எடுக்க அன்று ஆபரேஷன். வெட்டியெடுத்ததும் துண்டை உறையவைக்கும் லிக்விட் நைட்ரஜனில் போடாவிட்டால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். அதனால் முன்கூட்டியே சம்மதம் கேட்டுவர டாக்டரம்மா என்னை அனுப்பினார்.

"எடுக்கறத எங்க கையில குடுத்துருங்க. காரமடைத் தோட்டத்துல பொதைக்கோணும். எம்புள்ள உடம்புங்க அது," என்றார் தகப்பனார்.

"டெஸ்டுக்குப் போக மீதியத் தருவாங்க. கட்டியில ஒரு துண்டு, கிட்னியோட நல்ல பகுதியில ஒரு துண்டு ஆராய்ச்சிக்கு வேணுமுங்க."

"பாத்துப்போட்டுத் திருப்பித் தருவீங்களா?"

"இல்லீங்க. அரைச்சு மருந்துல கரைச்சாத்தான் தெரியும். ஒண்ணும் மிஞ்சாதுங்க."

"எம்புள்ளைக்கு அதுல நல்லதாகுங்களா?"

ஆகும் என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. சொன்னால் உடனே தலையாட்டிவிடுவார்.

"உங்க புள்ளைக்கு இதுல ஒரு பலனுமில்லீங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகளின் கவுனை மடியில் வைத்திருந்த அவர் மனைவி, "அப்படி என்னத்தத் தேடறீங்க?" என்று கேட்டார். தானாக எதையும் செய்யாது, ஆனால் மற்றதை அடக்கி வைக்கிறதோ என்று சந்தேகம், கட்டியில் அது இல்லையா என்று பார்க்கிறோம் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன்.

அந்த அம்மா கணவரிடம், "ஏனுங்க, உங்க மேஸ்திரி ஒரு இழை நூல் நூத்திருக்காருங்களா? ஆனா அவரு வராட்டி ஷிப்டு என்ன கூத்தாகுது?" என்றார்.

"வராட்டித்தான் நிம்மதியா டீ குடிக்கறோம்."

"அதையேதாங்க நானும் சொல்றேன். அடக்க ஆளில்லாட்டி நீங்களே இப்படி. குடுத்துப்போடுங்க."

அவர் என் பக்கம் திரும்பி, "பெருசா வெட்டிறாதீங்க," என்றார்.

கட்டியில் ஒரு துண்டு, கிட்னியின் நல்ல பகுதியில் ஒரு துண்டு. முருகா என்று நைட்ரஜனில் போட்டேன். மீதியை அவர் இரு கையாலும் வாங்கிப் போனார்.

ஹெச்-19 இருந்தால் எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புக் கோடு விழும். நல்ல பகுதிக்கு விழுந்தது. கட்டிக்கு விழவில்லை. முருகன் புண்ணியத்தில் குழந்தை தேறினாள். அது ஆபரேஷனாலும் கீமோவாலும். எங்கள் ஃபிலிமால் அல்ல.

கீமோவுக்கு வந்தபோது தகப்பனாரிடம் ஃபிலிமில் கண்டதைச் சொன்னேன்.

"அப்ப அது இருந்திருந்தா கட்டி வந்திருக்காதுங்களா?"

"தெரியாதுங்க. டாக்டரம்மாவுக்கும் தெரியாதுங்க."

"செரி, தேடுங்க," என்றார்.

லேபுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். முதல் நாள் பொய் சொல்லியிருந்தால், கீமோவுக்கு வந்த அன்று அவர் முகத்தைப் பார்த்துத் தெரியாது என்று என்னால் சொல்லியிருக்க முடியாது.