டீ போடத் தெரியுமா என்று பார்த்தார்கள்

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். வெடிமருந்து அறைகளில் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவோம். சத்தம் கேட்டால் யோசிக்கக் கூடாது, ஓட வேண்டும். கேட்டில் தீப்பெட்டியோடு செல்போனையும் பிடுங்கி வைக்கத் தொடங்கியிருந்த சமயம். ஒருநாள் சத்தம் கேட்டது. எல்லாருக்கும் முன்னால் ஓடி, வேப்பமரத்தில் மோதி விழுந்தேன். வெடித்தது பட்டாசு இல்லை. வெளியே நின்ற சைக்கிளின் டியூப்.

மூளை குலுங்கிவிட்டது என்றார்கள். வெளிச்சம் ஆகாது, டிவி ஆகாது. ஜன்னல் சாத்திய அறையில் வாரக்கணக்காகக் கிடந்தேன். எல்லாம் மறந்தது, பயம் மட்டும் மறக்கவில்லை. தீபாவளி சீசன் நெருங்கியது. தலை சரியாகிவிட்டதென்று எழுதி வாங்கி வந்தால்தான் வேலை என்றது கம்பெனி. நியாயம்தான். மருந்து அறையில் ஒரு மறதி போதும்.

விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் தொழில்வழிச் சிகிச்சை. இந்த வயதில் புதுத் தொழில் பழக்கப்போகிறார்களோ என்று நடுங்கினேன். இல்லை, அன்றாட வேலைகளை மூளைக்குத் திரும்பப் பழக்குவதாம். சிகிச்சை தரும் பெண் என்னைச் சின்னச் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். ஒரே கதவு. அதுவும் என் முதுகுக்குப் பின்னால்.

"டீ போடுங்கண்ணே" என்று தீப்பெட்டியை நீட்டினாள்.

சாத்திய அறையில் தீப்பெட்டி! சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. குச்சியை எடுத்தவன் அப்படியே நின்றேன்.

"கையில இருக்கிறதுக்குப் பேரு என்னண்ணே?" என்றாள் மெதுவாக.

"தீப்பெட்டி. எங்க ஊர்லதான் செய்றாக. கதவைத் திறங்க தாயி, உரசுதேன்."

திறந்தாள். வெளியே பெஞ்சிலிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "கம்பெனிப் பழக்கம்மா அது. வீட்டுலயும் நான்தேன் அடுப்பு பத்த வைக்கணும். அம்புட்டு வீரரு!"

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அடுப்பை மேசையின் மறுபக்கம் மாற்றி வைத்தாள். இப்போது வாசல் என் கண்ணெதிரே. உரசினேன். பாலைக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, நுரைபொங்க ஆற்றி, பெரிய சாதனை போல ஆளுக்கொரு டம்ளர் நீட்டினேன்.

மனைவி டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏங்க, டீத்தூளு எங்கன?"

தூள் டப்பா என் கையருகே மூடியபடியே இருந்தது.

"கதவு விஷயம் பழக்கம், பரவாயில்லை. இது மறதிண்ணே" என்றாள் அந்தப் பெண். "இப்ப எழுதித் தர முடியாது."

"அப்ப சீசன்?"

"இந்த சீசன் வேண்டாம்ணே."

திரும்பவும் அந்த இருட்டறைதானா?

"குடிங்க" என்றாள் மனைவி. "பாலுக்கு என்ன குறை?"

குடித்தேன். சர்க்கரையை இரண்டு தடவை போட்டிருந்தேன்.