நான் கேட்டிராத இத்தாலிய ஆல்பம்

நான் ஒருமுறைகூடக் கேட்டிராத ஓர் ஆல்பத்தைச் சாட்சிக்கு இழுத்து, என் தோழியைத் திருடி என்று எழுதினேன். அவள் திருடவில்லை. எழுதும்போதே எனக்கு அது தெரியும்.

இதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். நான் எழுதியதை நம்பியவர்கள் நீங்கள்தானே.

பகலில் தம்பானூரில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மாலையில் கரமனை வீட்டில் உட்கார்ந்து, இணையத்தில் ராக் ஆல்பங்களுக்குத் தீர்ப்பு வழங்கும் வேலை. ஒரே பாட்டு இருபது நிமிடம் ஓட வேண்டும், நடுவில் தாளம் நான்கு முறை மாற வேண்டும், ஆல்பம் முழுக்க ஒரே கதையாக இருக்க வேண்டும்... அந்த ப்ராக்ரெசிவ் ராக்தான் இசை, மற்றதெல்லாம் குளியலறைப் பாட்டு என்று எழுதினேன். எண்பதுகள் பிறந்ததும் அந்தக் குழுக்களெல்லாம் முடியை வெட்டிக்கொண்டு வானொலிக்குச் சேவகம் செய்யப் போய்விட்டன என்று திட்டினேன். நீங்கள் ரசித்தீர்கள்.

உண்மை என்ன தெரியுமா? அந்த நீளப் பாட்டுகளில் பாதி எனக்குச் சலிப்பு. ட்ரம்ஸ் தனியாக முழங்கத் தொடங்கினால் அந்த இடத்தைத் தள்ளிவிட்டு மேலே கேட்பேன். ஸ்கூட்டரில் போகையில் என் வாய் முணுமுணுப்பது, நான் கேலி செய்த மூன்று நிமிடப் பாட்டுகளைத்தான். எனக்கு இருந்தது ரசனை அல்ல... அதிகாரம்.

அந்த அதிகாரத்துக்கு ஒரு முத்திரை வேண்டியிருந்தது. எழுபதுகளில் ஒரே ஓர் ஆல்பம் போட்டுவிட்டுக் கலைந்துபோன ஓர் இத்தாலியக் குழுவைப் பற்றி எங்கோ நாலு வரி படித்தேன். ஆல்பம் எங்கும் கிடைக்கவில்லை. உலகிலேயே தலைசிறந்தது அதுதான் என்று எழுதத் தொடங்கினேன். யார் சரிபார்க்கப் போகிறீர்கள்?

விசாலம் அடுத்த தெருக்காரி, கல்லூரித் தோழி. கழக்கூட்டத்தில் மென்பொருள் வேலை. விடுமுறை நாட்களில், ஆரியசாலையில் ஒரு மொத்த மளிகைக் கடையின் மாடியில் நண்பர்கள் இருவருடன் கீபோர்டு வாசிப்பாள். மிளகாய் நெடியில் தும்மித் தும்மி, ஆண்டுக்கணக்கில் உழைத்து, மூவரும் ஓர் ஆல்பத்தை முடித்தார்கள். இணையத்தில் வெளியிடுவதற்கு முன்பே எனக்கு அனுப்பினாள்.

"நன்னா இல்லேன்னா இல்லேன்னே எழுது. சிநேகிதின்னு பாக்காதே, கேட்டியா" என்றாள்.

கேட்டேன். இரண்டாவது பாட்டில், அவள் கீபோர்டில் வாசித்த ஆர்கன் ஒலி தனியாகக் கிளம்புகிறது. மெல்ல இறங்குகிறது. இப்போது ட்ரம்ஸ் வரும் என்று காத்திருந்தால் வரவில்லை. கீழிருந்து கிதார் எழுந்து அதைத் தாங்கிக்கொள்கிறது. நான் தள்ளிவிடவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

மகிழ்ந்திருக்க வேண்டாமா? கல்லூரியில் அவள் குழுவில் கிதாரோடு நின்றவன் நான். விரல் வலிக்கிறது என்று இரண்டே மாதத்தில் விட்டவனும் நான்தான். எரிந்தது எனக்கு.

அன்றே எழுதி வைத்து, ஆல்பம் இணையத்தில் வெளியான அன்று போட்டேன். 'இரண்டாவது பாட்டின் ஆர்கன் பகுதி அந்த இத்தாலிய ஆல்பத்திலிருந்து அப்படியே எடுக்கப்பட்டது. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.'

தெரிந்தவர்களுக்குத் தெரியும்! எத்தனை கேவலமான தந்திரம். எனக்குத் தெரியாது என்று ஒருவரும் வாய்திறக்க மாட்டீர்கள். திறக்கவில்லை. 'நானும் கவனித்தேன்' என்று உங்களில் சிலர் எழுதினீர்கள். எதைக் கவனித்தீர்கள்? சொல்லுங்கள், எதை?

மேடை தருவதாகச் சொன்ன விழாக்காரர்கள் பின்வாங்கினார்கள். குழு உடைந்தது. விசாலம் சண்டைக்கு வருவாள் என்று பதில்களோடு காத்திருந்தேன். வந்தாள். சண்டை போடவில்லை.

"அந்த ஆல்பத்தைக் கேட்டதா ஞாபகமே இல்லேடா. ஆனா நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். காலேஜ்ல யாராவது போட்டிருப்பா, காதுல விழுந்திருக்கும். எனக்கே தெரியாம எடுத்திருக்கேன், பாரு."

அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். "பரவாயில்லை, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றேன். நான் அவளை மன்னித்தேன். நான்!

ஆல்பத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டாள். கீபோர்டு நாகர்கோவிலில் இருக்கும் அத்தை பெண்ணுக்குப் போயிற்று. ஆண்டுகள் ஓடின. நான் தொடர்ந்து எழுதினேன்.

போன மாதம் யாரோ அந்த இத்தாலிய ஆல்பத்தை இணையத்தில் ஏற்றினார்கள். வாசகர் ஒருவர் அதை எனக்கு அனுப்பி, ஆர்கன் எந்த இடத்தில் வருகிறது என்று கேட்டார். முதல் முறையாக, முழுவதும் கேட்டேன். அதில் ஆர்கனே இல்லை. புல்லாங்குழலும் கிதாரும். சுமாரான ஆல்பம்.

விசாலத்தின் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், பொறாமையையும் சேர்த்து. போனில் அந்த இத்தாலிய ஆல்பத்தை எடுத்து நீட்டினேன். கத்துவாள் என்று நினைத்தேன்; கத்த மாட்டாளா என்று ஏங்கினேன். அவள் லேப்டாப்பை மூடினாள்.

"அன்னிக்கு நீ சொன்னதை நம்பினேன். இன்னிக்குச் சொல்றதையும் நம்பணுமாக்கும்?"

"நம்ப வேண்டாம். நீயே கேட்டுப் பாரு."

"கேட்டு? அதுல இல்லேன்னா வேற எதுலயோ இருக்கும்னு தோணும். இப்போ மனசுல ஒரு ட்யூன் வந்தா, இது யாரோடதுன்னுதான் முதல்ல கேக்கறேன். பின்னே என்ன, விட்டுடறேன். நீ வந்து இல்லேன்னு சொன்னா அது நிக்குமா?"

"எல்லாத்தையும் எழுதறேன். உன் ஆல்பத்தைத் திரும்ப ஏத்தலாம்."

"உன்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்கோ. என் பாட்டைத் தொடாதே. யாருக்கும் போட்டுக் காட்டாதே." எழுந்து உள்ளே போனாள். "போறச்சே கதவைச் சாத்திண்டு போ."

சாத்திக்கொண்டு வந்தேன்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நேர்மை என்பீர்கள், துணிச்சல் என்பீர்கள். எழுதாதீர்கள். அன்று கைதட்டிய அதே கைகள்தானே உங்களுடையவை. எனக்கு உங்கள் மேல் கோபம் வருகிறது. உங்கள் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று அதைவிடக் கோபம் வருகிறது.

அவள் ஆல்பம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அநேகமாக, அதைக் கேட்கிற ஒரே ஆள் நான்தான். மிக நல்ல ஆல்பம் அது. அதில் எதுவும் யாரிடமிருந்தும் எடுத்ததல்ல.

ஆனால் இதையும் நீங்கள் என் வார்த்தையை வைத்துத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.