வஹாக்காவுக்குப் போன வெள்ளிக்கிழமைகள்

செத்தல் மிளகாய் வெறும் சட்டியில் கருகத் தொடங்கும்போது எழும் நெடி மூக்கைத் தொடுமுன் தொண்டையைப் பிடித்துவிடும். இன்றும் எங்காவது அது கிளம்பினால் நான் இருமிக்கொண்டே எழுபதுகளில் நாங்கள் குடியேறிய அந்நிய நாட்டு ஊரான டண்டினொங்குக்குப் போய்விடுகிறேன், தொழிற்சாலைச் சங்கு ஊதி விடியும் ஒரு தெருவுக்கு, அங்கே ஒரு வாடகை வீட்டில் பெட்டியிலிருந்து சேலைகளை வெளியே எடுக்காமலே குடியிருந்த என் அம்மாவிடம்.

அப்பாவுக்கு அங்கே வரைபட வேலை. அம்மாவுக்கு யாழ்ப்பாணம் வேண்டும். பள்ளி வருடம் முடிந்ததும் அம்மாவும் நானும் திரும்பிப் போவதென்றும் அப்பா மட்டும் அங்கேயே இருப்பதென்றும் பேசி முடித்திருந்தார்கள். "கதைக்க ஒரு சனமில்லாத ஊர்" என்பார் அம்மா. அப்பா எழுந்து விளக்கை அணைப்பார். இருவருக்கும் நடுவில் படுத்திருக்கும் நான் பள்ளி வருடத்தில் மிச்சமிருக்கும் நாட்களை விரலில் எண்ணுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த நெடி வேலிக்கு அப்பாலிருந்து வந்தது. அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஆரோ எங்கட ஆக்கள் வந்திட்டினம்!" முகம் கழுவி, நல்ல சேலையைப் பெட்டியின் அடியிலிருந்து உருவி உடுத்து, தட்டில் வாழைப்பழமும் குங்குமமும் வைத்து, என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கதவு முழுதாகத் திறக்குமுன்பே, யாழ்ப்பாணத்தார் எவரும் எவரிடமும் முதலில் கேட்கும் கேள்வியைத் தமிழிலேயே கேட்டுவிட்டார்:

"பிள்ளை, நீங்கள் எந்த ஊர்?"

மிளகாய்ப் புகையில் கண்ணீரும் இருமலுமாக நின்ற பெண் எங்கள் நிறத்தவர்தான். பொட்டைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், இந்த நாட்டில் எல்லாரும் தன்னிடம் கேட்பதைத்தான் நாங்களும் கேட்கிறோம் என்று ஊகித்திருக்க வேண்டும். "வஹாக்கா" என்றார்.

அம்மா என் காதருகே குனிந்தார். "அது தென்மராட்சிப் பக்கமோ?"

யாழ்ப்பாணத்திலேயே இல்லை, அது மெக்சிக்கோவின் தென்பக்கம். லூபே என்பது அவர் பெயர். கணவர் வெல்டிங் வேலைக்கு வந்தவர். அந்தத் தட்டைத் திருப்பித் தர அடுத்த வெள்ளி எங்கள் "குசினி"க்கு, அதாவது சமையலறைக்கு, வந்தவர் பிறகு எல்லா வெள்ளியும் வந்தார். தேநீரை ஊற்றிவிட்டு அம்மா கேட்பார்: "சரி, இண்டைக்கு எங்க போறம்?" லூபே தன் ஊரைச் சொல்லச் சொல்ல, நான் நடுவில் இருந்து ஆங்கிலத்தையும் தமிழையும் மாற்றி மாற்றி ஊற்றுவேன். இறைச்சியை ஓரிடத்தில் வாங்கி எதிரில் கரி மூட்டியிருக்கும் பெண்ணிடம் நீட்டினால் புகைக்குள்ளேயே சுட்டுத் தரும் சந்தைச் சந்துக்குப் போனோம். கொக்கோக் கொட்டையும் கறுவாவும் பாதாமும் நாமே தெரிந்தெடுத்துக் கொடுக்க, சூடாக அரைத்துத் தரும் ஆலைக்குப் போனோம். சோளமும் கொக்கோவும் நுரைத்துப் பொங்கும் பானத்தைப் பெரிய மண் தாழியில் கைவிட்டுக் கலக்கும் பெண்களிடம் நின்றோம்.

"கையாலயோ? கழுவினவையோ எண்டு கேள்."

கேட்டேன். லூபே சொன்னதையும் சொன்னேன்: "நீங்கள் சோத்தை என்ன கரண்டியாலயோ குழைக்கிறனீங்கள் எண்டு கேக்கிறா."

அம்மா சிரித்தார். அந்த நாட்டுக்கு வந்தபின் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் வறுத்த வெட்டுக்கிளிக்குத் தேசிப்புளி விடும் கதை வந்ததும் எழுந்துவிட்டார்: "முருகா! வெள்ளிக்கிழமையில என்ர குசினிக்கை உந்தக் கதை வேண்டாம்." பாறையே அருவியாக உறைந்து நிற்கும் மலையும் அதன் உச்சியில் ஊறும் சுனையும் வந்த நாளில் மட்டும் அம்மா குறுக்கிட்டு, எங்களைத் தன் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணிக்குக் கூட்டிப்போனார், யாழ்ப்பாணம் என்ற சொல்லோடு வழக்கமாக வரும் அழுகை அன்றைக்கு வரவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு சந்தை நாளில், லூபேயும் நாங்களும் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது, ஓர் இளம்பெண் அம்மாவின் பொட்டைக் கண்டு ஓடிவந்தாள். பருத்தித்துறைப் பிள்ளை, மருத்துவர் ஒருவரின் மனைவி, வந்து சில வாரம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இஞ்ச என்னக்கா இருக்கு?"

"என்ன இல்லை?" என்றார் அம்மா. நான் நிமிர்ந்து பார்த்தேன். "கிரேக்கன்ர கடையில பருப்பு இருக்கு. அந்த இத்தாலிக்காரர் பிஞ்சுக் கத்தரிக்காய் தெரிஞ்சு தருவார், விலை பேசினாக் கோவிப்பார், பேசாதையும். பஸ் ஏறினாக் கடல். மலைக்குப் போனா நுவரெலியாக் குளிர், பன்னச் செடிகள் மரமா நிக்கும். ஒருக்காப் பாரும், பிறகு அழும்."

லூபே என் தோளை அழுத்தினார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் ஊர் காட்டும் குரல் எது என்று அவருக்குத் தெரியும்.

அன்று மாலை அப்பா, தைரியத்தைச் சேர்த்துக்கொண்டு, "பிளேன் ரிக்கெற்றைப் பதியட்டோ?" என்றார்.

"பொறுங்கோ. அந்தப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லிப்போட்டன்."

அந்த ஞாயிறுக்குப் பின்னால் இன்னொரு ஞாயிறு வந்தது. ரிக்கெற் பேச்சு வரவில்லை. நான் நாட்களை எண்ணாமல் தூங்கினேன்.

இப்போது அந்தத் தெருவில் அடுக்குமாடிகள். தமிழ்க் கடைகள் வந்துவிட்டன, மிளகாய் தூளாகவே பொதியில் கிடைக்கிறது, பக்கத்து வீட்டில் என்ன சமையல் என்பது எவருக்கும் தெரிவதில்லை. கிரேக்கரின் கடை போய்விட்டது. வஹாக்காவுக்கு நான் இன்னும் போகவில்லை. வழி மட்டும் மனப்பாடம்.

எழுபதுகள் முடியுமுன் லூபே குடும்பம் ஊர் திரும்பியது. விமான நிலையத்தில் அவர் அம்மாவைக் கட்டிக்கொண்டு, "உன்னைத் தனியே விட்டுப் போகிறேனே" என்று விம்ம, நான் தமிழில் சொன்னேன். அம்மா அவர் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டுத் தமிழிலேயே சொன்னார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை, லூபேயும் கேட்கவில்லை:

"எனக்கு இஞ்ச ஆக்கள் இருக்கினம். நீ பயப்பிடாமப் போயிட்டு வா."