ஒரு ஆள் குறையுது

மரத்தரை பாலிஷ் போடத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்று தலையாட்டியது நான்தான். அதுவரை நானும் என் கூட்டாளியும் போட்டதெல்லாம் மொசைக் பாலிஷ். எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் புதுவீடு கட்டியவர்கள் மொசைக் போடாமல் குடிபோனதில்லை. நான் மடவார் வளாகத்திலிருந்து சைக்கிளில் போவேன், அவன் சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவான். பாலிஷ் மெஷினை ஆளுக்கொரு பக்கம் தூக்கித் தூக்கி எனக்கு இடது தோளும் அவனுக்கு வலது தோளும் இறங்கிப்போனதாக என் மனைவி கிண்டல் செய்வாள்.

கேட்டது ஒரு கிளப். மில் முதலாளிகளும் ஆபீசர்களும் சாயங்காலம் வந்து இறகுப்பந்து ஆடுகிற இடம். கூரை போட்ட உயரமான கூடம், உள்ளே முழுக்கத் தேக்குப் பலகைத் தரை. பழைய வார்னிஷ் உரிந்து, பலகைகளுக்கு நடுவில் அழுக்கு ஏறிக் கிடந்தது. கிளப் செகரட்டரி எங்களைக் கூப்பிட்டு ஒரே கண்டிஷன் போட்டார். “கண்ணாடி மாதிரி இருக்கணும்னு அவசியமில்ல. வழுக்கக் கூடாது.”

கூடத்துக்குள் போனதும் கூட்டாளி செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றான். வெறுங்காலால் தரையை இரண்டு தடவை தட்டிப் பார்த்தான். அவன் சேத்தூரில் பேர் வாங்கிய பூப்பந்து ஆட்டக்காரன். எல்லாம் மண் தரையில், கம்பளி நூல் பந்தில், பக்கத்துக்கு ஐந்து பேராக நின்று ஆடுவதுதான். ஆட்டக்காரர்களுக்கு ஒரு மில்லில் வேலை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தேர்வுக்குப் போய், கடைசிவரை வந்து, கழிக்கப்பட்டவன். அதைப் பற்றிப் பேசமாட்டான்.

“மாப்ள, இதுல ஒருக்கா நின்னு பாக்கணும்லே” என்றான்.

பூப்பந்துக்காரர்கள் ஆடுவது என்று சொல்லமாட்டார்கள், நிற்பது என்பார்கள். இன்னைக்கு நடுவில யார் நிக்கிறா, ஒரு ஆள் குறையுது வந்து நில்லு, இப்படித்தான் பேச்சு. அவனோடு பழகிப் பழகி எனக்கும் அதுவே வந்துவிட்டது.

வேலை நாங்கள் நினைத்ததைவிட இழுத்தது. மொசைக்குக்குத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றித் தேய்ப்போம். இங்கே ஒரு சொட்டு விழுந்தாலும் பலகை உப்பிக்கொள்ளும். மெஷினை வெளியில் போர்த்தி வைத்துவிட்டு முட்டிபோட்டு உப்புத்தாளால் தேய்த்தோம், மரத்தின் ரேகை போகிற பக்கமாகவே. சந்துகளில் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தோம். பிறகு மில்லில் கழித்த பஞ்சைத் துணியில் பொட்டலமாகக் கட்டி, வார்னிஷைத் தொட்டுத் தொட்டு இழுத்தோம். வேலை பூராவும் அவன் ஓயாமல் பேசினான். இங்கிருந்து அடித்தால் பந்து எப்படிப் போகும், இந்தத் தரை காலை எப்படித் தூக்கிவிடும் என்று அதே பேச்சு. எனக்கு எரிச்சலாக இருக்கும். “தேய்லே, வாயாலயே ஆடி முடிச்சிருவ போலிருக்கு” என்பேன்.

கடைசிப் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு ஒரு மத்தியானம், ஒப்படைக்க வேண்டிய அன்று, அவன் ஒரு காரணம் கண்டுபிடித்தான்.

“வழுக்குதான்னு பாக்க வேண்டாமா? நடந்து பாத்தா தெரியாது. ஓடிப் பாக்கணும்.”

கூடத்து மூலையில் நரம்பு தளர்ந்த இரண்டு பேட் கிடந்தன. இறகு பாதி உதிர்ந்த பந்தும் இருந்தது. வலைக்குப் பதில் சணல் கயிற்றை இழுத்துக் கட்டினோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஆடினோம். அவன் ஆடினான், நான் ஓடினேன் என்பதுதான் சரி. நான் தூக்கிப் போட்டதையெல்லாம் கயிற்றுக்குப் பக்கத்திலேயே தட்டிவிட்டுச் சிரித்தான். அத்தனை நாள் நான் பார்த்த ஆள் இல்லை அவன். மெஷின் தூக்கி இறங்கிப்போன தோளா அது என்று இருந்தது.

ஆட்டம் முடிய நாலைந்து பாயிண்ட் இருக்கும்போது வாசலில் செகரட்டரி நின்றார். நான் பேட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அவர் திட்டவில்லை.

“வழுக்கலையே?”

“இல்லங்கய்யா. அதத்தான் பாத்தோம்” என்றேன்.

அவர் கூட்டாளியைப் பார்த்தார். “நல்லா ஓடுறியேப்பா. சாயந்தரம் வெளியூர் ஆளுக ஆட வாராங்க. நமக்கு ஒரு ஆள் குறையுது. ஆறு மணிக்கு வந்து நிக்கியா?”

“நிக்கேன்யா” என்றான் அவன்.

“வெள்ளைச் சட்டை போட்டுட்டு வா. ரப்பர் ஷூ இல்லாம உள்ள கால் வைக்கக் கூடாது.”

அவர் போனதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நான் பேட்டைத் தூக்கி, ஆட்டத்தை முடிப்போமா என்றேன். அவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்: “மிச்சத்தச் சாயந்தரத்துக்கு வச்சுக்குவோம்லே. கை சூட்ட இப்பவே தீத்திரக் கூடாது.”

சேத்தூருக்குப் பஸ் பிடித்துப் போய்க் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான். நான் பஜாரில் ரப்பர் அடி வைத்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கி வைத்திருந்தேன். ஒரு அளவு பெரிது. நுனியில் மிச்சமிருந்த பாலிஷ் பஞ்சை அடைத்துக் கொடுத்தேன். “மாப்பிள்ளை ரெடி” என்று கேலி செய்தேன். அவன் சிரிக்கக்கூட இல்லை, அவ்வளவு படபடப்பு.

உள்ளே போனபோது வலை கட்டியிருந்தது. இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். நாலு பேரும் இருந்தார்கள். நான் வாசலில் நின்றபடி எண்ணினேன், அவனும் எண்ணியிருப்பான். செகரட்டரி மடித்த துணி ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார்.

“வேர்வை சொட்டுனா உடனே தொடச்சிரணும், என்ன? வழக்கமா தொடைக்கிற பையன் வரலை. தேய்ச்சவன் நீ, உனக்குத்தான் இந்தத் தரையோட அருமை தெரியும். அந்தா, அந்த ஓரமா நில்லு.”

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாதது. ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

கூட்டாளி என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ஓரமாகப் போய் நின்றான். பாயிண்ட் முடிய முடிய ஓடிப் போய்க் குனிந்து துடைத்தான். துடைக்கும்போதும் ரேகை போகிற பக்கமாகவே துடைத்தான். ஒருமுறை பந்து அவன் காலடியில் வந்து விழுந்தது. எடுத்து, ஒரு கணம் இறகை விரலால் நீவிவிட்டுக் கொடுத்தான். “தேங்க்ஸ் தம்பி” என்றார் ஆடியவர்.

முடிந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. திரும்பிப் போய் நாலு வார்த்தை கேட்கிறேன் என்று கிளம்பினேன். அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

“அவுக நிக்கத்தான சொன்னாக. நாமதான் வேற மாதிரி கேட்டுட்டோம். விடு.”

பஸ் ஏறும்போது, “ஷூ நல்லாருக்குலே” என்றான்.

தொண்ணூறுகளிலும் பல வருஷம் நாங்கள் சேர்ந்தே மொசைக் பாலிஷ் போட்டோம். மரத்தரை வேலை வந்தால் நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். சேத்தூரில் அவன் அதற்குப்பின் மைதானத்துப் பக்கமே போகவில்லை. ஒருநாள் நான் அவன் வீட்டில் இருந்தபோது இளவட்டங்கள் வந்து, “அண்ணே, ஒரு ஆள் குறையுது, வந்து நில்லுங்கண்ணே” என்று கூப்பிட்டார்கள். “நின்னது போதும்ப்பா” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் காப்பியைக் குடித்தான்.

அன்று மத்தியானம் செகரட்டரி போன பிறகு இன்னும் நாலைந்து பாயிண்ட்தான் இருந்தது. கயிறு முழுசாக அவிழ்ந்திருக்கவில்லை, பந்து என் கையில் இருந்தது, எங்களைத் தடுக்க அங்கே ஒருவரும் இல்லை. நான்தான் தோற்றுக்கொண்டிருந்தேன். ஒழுங்காகத் தோற்று முடித்திருக்கலாம்.