சுரண்டாத கம்பி

பள்ளிக்கூடத்தில் எனக்கு 'மேஜிக் டீச்சர்' என்று பெயர். பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொல்வார்கள். எனக்கு நன்றாகவே கேட்கும். கேட்காத மாதிரி நடந்துபோவேன், உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும்.

அந்தப் பெயருக்காக நான் கொஞ்சமா பாடுபட்டேன்? சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீர் நிரம்பிய வாளியைத் தலைக்கு மேலே சுழற்றுவேன். ஒரு சொட்டு சிந்தாது. எண்ணெய் டின்னில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, இறுக்கி மூடி, மேலே பச்சைத் தண்ணீர் ஊற்றுவேன். யாரோ ஏறி மிதித்த மாதிரி டின் நசுங்கும். ஆரணிப் பட்டுத் துண்டில் கண்ணாடிக் கோலைத் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை ஆடவைப்பேன். பக்கத்து அறை வரலாற்று டீச்சர் எட்டிப் பார்த்து, "உன் கிளாஸ்ல சத்தம் ரொம்ப ஜாஸ்தி" என்று குறைப்பட்டுக்கொள்வார். அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

யாருக்கும் தெரியாத ஒரு வேலை இதற்குப் பின்னால் இருந்தது. காலையில் பிள்ளைகள் வருமுன் ஆய்வகத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் ஒருமுறை செய்து பார்த்துவிடுவேன். டின் மூடியில் ஓட்டை இருந்தால் அப்போதே அடைத்துவிடுவேன். பேட்டரி செத்திருந்தால் மாற்றிவிடுவேன். சொதப்பவேண்டியது எல்லாம் அந்த மூடிய கதவுக்குள் சொதப்பி முடிந்துவிடும். என் பிள்ளைகள் ஒரு சோதனை தோற்றுப்போய்ப் பார்த்ததே இல்லை. அது என் பெருமை.

பிளஸ் டூ வந்த புதிது அது. பெண்கள் இயற்பியல் எடுப்பதே அபூர்வம். எடுத்த சிலரில் ஒருத்தி கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். வீட்டில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறவர்கள். மெலிந்த பெண், அதிகம் பேசமாட்டாள். ஆனால் ஒவ்வொரு சோதனை முடிந்ததும் மற்றவர்கள் கைதட்டிக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் மேஜையருகே வந்து நிற்பாள்.

"டீச்சர், நான் ஒரு தபா பண்ணட்டுங்களா?"

"அடுத்த வாரம் பார்க்கலாம்மா."

அடுத்த வாரமும் இதையேதான் சொல்வேன். உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று ஒரு காரணம் கைவசம் இருந்தது. பொய்யில்லை, நிஜமாகவே பிடிப்பார்கள். ஆனால் அது எனக்கு வசதியான உண்மை. அந்த மேஜை என்னுடையது, அந்தக் கைதட்டலும் என்னுடையது. இன்னொருத்தி கைபட்டுச் சொதப்பினால் என் வகுப்பின் களையே போய்விடும். இதுதான் உள்ளே இருந்த காரணம். அன்று அதை எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர்க் கார்த்திகை தீபத்துக்கு வெளியூர்ப் போலீஸ்காரர்களைப் பள்ளியில் தங்கவைப்பார்கள். சாமான்களை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவோம். திருவிழா முடிந்து அவர்கள் போன பிறகும் நான் பீரோவைத் திறக்க அவசரப்படவில்லை. பொங்கல் கழிந்துதான் செய்முறைப் பயிற்சி ஆரம்பித்தேன். ஒரு மேஜைக்கு ஐந்தாறு பேர். துடுக்கான ஒருத்தி கை வைப்பாள், மற்றவர்கள் அளவுகளை எழுதிக்கொள்வார்கள். கீழ்பென்னாத்தூர்ப் பெண் எழுதுகிறவர்களில் ஒருத்தி. அவள் படம் வரைந்தால் அச்சடித்த மாதிரி இருக்கும்.

அவள் நன்றாகப் படிப்பாள் என்பது எனக்குத் தெரியும். கல்லூரிப் பட்டியலில் பெயர் வந்தால் அனுப்புகிறேன், இல்லாவிட்டால் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அதுவும் எனக்குத் தெரியும். "உங்கள மாதிரி பிசிக்ஸ் டீச்சர் ஆவணும் டீச்சர்" என்று அவளே ஒருநாள் சொல்லியிருந்தாள்.

செய்முறைத் தேர்வுக்கு வேறு ஊரிலிருந்து ஓர் ஆசிரியர் தேர்வாளராக வந்தார். கண்டிப்பான மனிதர். காப்பி குடித்துக்கொண்டே, "சில ஸ்கூல்ல டீச்சருங்களே எல்லாத்தையும் பண்ணிக் காட்டிட்டு விட்டுர்றாங்க. உங்க பிள்ளைங்க கையால பண்ணிப் பழகினவங்கதானே?" என்று கேட்டார்.

"ஒவ்வொருத்தியும் தன் கையாலதான் சார் பண்ணியிருக்கா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

சீட்டு எடுத்ததில் அவளுக்கு மீட்டர் பிரிட்ஜ் வந்தது. ஒரு மீட்டர் நீளக் கம்பியை வைத்து மின்தடையைக் கண்டுபிடிக்கும் சோதனை. இணைப்பு சரியாக இருந்தால், மின்சாரம் ஓடுவதைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் அசையும். அவள் இணைத்ததை நான் தூரத்திலிருந்தே பார்த்தேன். ஒரு பிசகும் இல்லை, அவள் வரையும் படம் மாதிரியே இருந்தது. முள் மட்டும் அசையவில்லை. கழற்றி மறுபடி மாட்டினாள். அசையவில்லை.

அவள் மேஜைக்குப் போயிருந்தது புதுச் சுருளிலிருந்து அன்று காலை வெட்டிய இணைப்புக் கம்பி. எனாமல் பூசிய கம்பி பார்வைக்கு வெறும் செம்பு போலவே இருக்கும். இரண்டு முனைகளையும் உப்புத்தாளால் சுரண்டினால்தான் மின்சாரம் போகும். தேர்வு நாளில் அதை அவரவர்தான் செய்துகொள்ளவேண்டும். உப்புத்தாள் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. ஆனால் அது எதற்கு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? வருஷம் முழுவதும் கம்பிகளை நான்தான் காலையில், கதவைச் சாத்திக்கொண்டு, சுரண்டி வைத்தேன்.

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் நெருங்கிப் போனேன். "முனையைச் சுரண்டு" என்று சொன்னால் போதும். அதற்குள் அந்த ஆசிரியரும் வந்து நின்றார்.

"இது பழகின பிள்ளைதானே?"

"பழகினவதான் சார். பயந்துட்டா போலருக்கு."

என் வாயால் இதைச் சொன்னேன். அவள் காதில் விழும்படிதான் சொன்னேன். அவள் தலை குனிந்துகொண்டாள். நேரம் முடிந்து மணி அடிக்கும்வரை அந்தக் கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த மேஜைக்குப் போய்விட்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதலாம், ஆனால் இறங்கியது. ஒன்றிரண்டு மதிப்பெண்தானே குறையும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு சாப்பிட்டேன்.

அந்தச் சில மதிப்பெண் குறைந்ததில் கல்லூரிப் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. ஆவணியில் கல்யாணப் பத்திரிகை கொடுக்க அப்பாவோடு வந்தாள். அன்றும் கம்பியைப் பற்றிச் சொல்லாமல் வாழ்த்தி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வருஷத்திலிருந்து கம்பியையும் உப்புத்தாளையும் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டேன். முள் வளைந்தது, கண்ணாடி உடைந்தது, வகுப்பே சந்தைக்கடை ஆனது. 'மேஜிக் டீச்சர்' என்ற பெயரும் மெல்ல மறைந்தது. பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். அவர்கள் செய்யச் செய்ய எனக்கு அவள் முகம்தான் வரும். இதை முதல் வருஷமே செய்திருக்கலாம், ஒன்றும் கெட்டுப்போயிருக்காது.

சில வருஷம் கழித்துப் பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. புகுந்த ஊரான செங்கத்திலிருந்து அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள். வாளி சுழற்றியதையும் டின் நசுங்கியதையும் தன் வீட்டுக்காரரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருப்பதாகச் சொன்னாள்.

"எனக்குத்தான் கை வரலீங்க டீச்சர். எல்லாருக்கும் முள்ளு அசைஞ்சுது, என் கைக்கு அசையல. அவரு தையல் மிஷின் வாங்கிக் குடுத்தாரு, அதத் தொடவே பயம். என் கை பட்டா ஓடாதுன்னு அப்படியே மூடி வெச்சிட்டேன்."

அதற்குமேல் சொல்லாமலிருக்க என்னால் முடியவில்லை. சொன்னால் அவள் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். என் பாரமும் இறங்கும் என்று நினைத்ததை மறைக்கமாட்டேன்.

"உன் கையில ஒண்ணும் கொறையில்லம்மா. அது புதுக் கம்பி. முனைய உப்புத்தாள்ல சுரண்டியிருந்தா ஓடியிருக்கும். நீ போட்ட கனெக்‌ஷன் எல்லாம் சரி."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவ்ளோதானா டீச்சர்?"

நான் தலையாட்டினேன். பாரம் இறங்கவில்லை. கை வராதவள் என்று இத்தனை நாள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஆறுதலையும் நான் பிடுங்கிவிட்டேன். பிறகு அவள் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"அன்னிக்கு வீட்டுக்குப் போனப்புறம்தாம்மா தோணிச்சு" என்றேன்.

உடனே நம்பிவிட்டாள். முகம்கூடத் தெளிந்தது.

"அதானே. அங்கயே தெரிஞ்சிருந்தா நீங்க சொல்லாம இருந்திருப்பீங்களா" என்று சொல்லி, குழந்தையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து எனக்கு வணக்கம் சொல்லவைத்தாள்.